7,000 பவுண்டுக்குள் பழைய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் ஆக்ஸ்ஃபோர்டில் குடியேறி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, கோடைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் நானே ஓட்டி, நானே பழுது பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. என் அப்பா திருச்சியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாடகை அம்பாசிடர் ஓட்டியவர். விடுமுறை நாள்களில் அவர் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யும்போது ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. அந்த அம்பாசிடர், இங்கே கௌலி தொழிற்சாலையில் உருவான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மறுபிறவி என்பதும், அதிலிருந்த 1489 சிசி இன்ஜினும் எம்.ஜி.பி.யின் 1798 சிசி இன்ஜினும் பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி சீரிஸ்' என்ற ஒரே குடும்பத்தில் பிறந்தவை என்பதும் இந்த ஊருக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தன. அன்று முதல் என் மனம் எம்.ஜி.பி.யின் மேல்தான் நிற்கிறது.

கையில் இருப்பது 7,000 பவுண்டு. காரின் விலையோடு முதல் ஆண்டுச் செலவும் இதற்குள் அடங்க வேண்டும். கடன் வாங்குவதில்லை என்று வீட்டில் பேசி முடிவு செய்திருக்கிறோம். இப்போதைக்கு மூன்று கார்களைக் குறித்து வைத்திருக்கிறேன். முதலாவது, 1972ஆம் ஆண்டின் திறந்த கூரை எம்.ஜி.பி.; குரோம் பம்பர், புதிதாக அடித்த சிவப்புப் பெயிண்ட், விலை 6,800. இரண்டாவது, 1978ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. ஜி.டி. (மூடிய கூரை வகை); கறுப்பு ரப்பர் பம்பர், வெளுத்துப்போன பச்சை நிறம், 22 ஆண்டுகளாக ஒரே உரிமையாளர், விலை 4,900. மூன்றாவது, 1977ஆம் ஆண்டின் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500, விலை 4,200. அழகில் முதல் கார்தான் கண்ணைப் பறிக்கிறது. எனக்கு ஸ்பேனர் வேலை ஓரளவு வரும், வெல்டிங் தெரியாது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 (கொவென்ட்ரியிலிருந்து)

வணக்கம். நான் 17 ஆண்டுகளாக எம்.ஜி.பி. வைத்திருக்கிறேன். உங்கள் கேள்வியில் மிக முக்கியமான வரி, வெல்டிங் தெரியாது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான். இந்தக் காரில் இன்ஜினுக்காகக் கவலைப்பட வேண்டிய தேவை பெரிதாக இல்லை. உங்கள் அப்பாவின் அம்பாசிடர் எத்தனை முறை இன்ஜின் இறக்கி ஏற்றியும் ஓடியதோ, அப்படியே இதுவும் ஓடும். உதிரிபாகங்கள் எல்லாம் கிடைக்கின்றன, விலையும் நியாயமாக இருக்கிறது. இந்தக் காரைக் கொல்வது துரு. ஆகவே நீங்கள் விலை கொடுத்து வாங்குவது தகட்டுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் அதோடு சேர்ந்து வரும்.

காரணத்தைச் சொல்கிறேன். 1962இல் ஆபிங்டனில் எம்.ஜி.பி. உற்பத்தி தொடங்கியபோது, அதற்கு முந்தைய எம்.ஜி.ஏ.வில் இருந்த தனிச் சேசிஸை (அடிச்சட்டத்தை) கைவிட்டார்கள். உடலும் சேசிஸும் ஒன்றேயான கட்டமைப்பு வந்தது. கதவுகளுக்கு அடியில் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதியைச் சில் என்பார்கள். வெளித்தகடு, உள்தகடு, நடுவில் ஒரு தடுப்புத் தகடு, அடியில் காசில் ரெயில் என்ற பகுதி ஆகிய நான்கும் சேர்ந்துதான் அந்தப் பெட்டி. திறந்த கூரைக் காரில் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் இந்த இரண்டு பெட்டிகளே. இவை உள்ளிருந்து அரித்துவிட்டால், பளபளக்கும் கார் நடுவில் தொய்ந்துவிடும்.

என் கதையைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். நான் முதலில் வாங்கியதும் புதுப் பெயிண்ட் அடித்த திறந்த கூரைக் கார்தான். ஒரு வியாபாரியிடம் வாங்கினேன். எட்டாவது மாதம் ஓட்டுநர் பக்கக் கதவு சாத்தும்போது இடிக்கத் தொடங்கியது. கீல் தேய்ந்திருக்கும் என்று எண்ணி, நன்கு பழகிய ஒரு வெல்டரிடம் கொண்டு போனேன். அவர் கதவின்கீழ் கிரைண்டரை வைத்து ஒரு கை அளவுக்கு வெட்டித் திறந்து காட்டினார். மேலே சிவப்புப் பெயிண்ட், அதன்கீழ் விரல் தடிமனுக்குப் பட்டி (குழி நிரப்பும் பசை), அதன்கீழ் ஒட்டவைத்த மூடுதகடு, அதற்கும் உள்ளே 1971இல் ஆபிங்டனில் பொருத்திய அசல் தகட்டின் மிச்சம். அந்த மிச்சத்தை விரலால் தொட்டேன். டீயில் நனைத்த பிஸ்கட் போலக் கையோடு உதிர்ந்து வந்தது. இரண்டு பக்கமும் முறையாகச் செய்து முடிக்க 3,200 பவுண்டும் நான்கு மாதமும் ஆயின. அதற்குப் பிறகு, பட்டி பார்த்துப் புதுப் பெயிண்ட் அடித்த எந்தக் காரையும், வெல்டிங் செய்தபோது எடுத்த படங்களைக் காட்டாதவரை நான் நம்புவதில்லை. நேர்மையாக வேலை செய்தவர் யாராக இருந்தாலும் அந்தப் படங்களைப் பெருமையோடு எடுத்து வைத்திருப்பார்.

நீங்கள் பார்க்கப் போகும்போது ஒரு டார்ச், மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம், ஒரு திருப்புளி, படுத்துப் பார்க்க ஒரு பழைய போர்வை ஆகியவற்றைக் கொண்டு போங்கள். காந்தத்தைச் சில் நெடுக நகர்த்துங்கள். அது பிடிக்காத இடத்தில் இருப்பது பட்டி. பிறகு உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, திருப்புளியின் கைப்பிடியால் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு 'டங்' என்று கணீரென்று ஒலிக்கும். அழுகிய தகடு 'சொத்' என்று செத்த ஒலி தரும். சில்லின் இரண்டு முனைகளும் முன்பக்க, பின்பக்க விங்குகளின் (சக்கரங்களை மூடியிருக்கும் உடல் தகடுகளின்) அடியில் மறைந்திருக்கும் என்பதால், அதை முறையாக மாற்ற வேண்டுமானால் விங்கின் கீழ்ப்பகுதியையும் வெட்டித்தான் ஆக வேண்டும். அங்கே பழைய விங் வெட்டுப்படாமல் இருக்க, சில் மட்டும் புதிதாகத் தெரிந்தால், பழையதன்மேல் புதியதைப் போர்த்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

அடுத்தது கதவு இடைவெளி. கதவின் பின்விளிம்புக்கும் உடலுக்கும் இடையே உள்ள கோடு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். காரை ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கிய நிலையிலும் கதவு எளிதாகத் திறந்து மூட வேண்டும். மேல்பக்கம் இடைவெளி குறுகி, கதவு சிக்கினால், நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். விலை எவ்வளவு குறைத்தாலும் பேச வேண்டாம்.

உங்கள் மூன்றில் என் தேர்வு ஜி.டி.தான். 1965இல் இத்தாலியின் பினின்ஃபரினா நிறுவனத்தின் கைவண்ணத்தோடு வந்த அந்தக் கூரை, அழகுக்கு மட்டும் அல்லாமல் உடலின் உறுதிக்கும் துணை நிற்கிறது. அப்படியிருந்தும் திறந்த கூரைக் காரை விரும்புவோர் மிகுதி என்பதால், அதே தரத்தில் உள்ள ஜி.டி. விலை குறைவாகவே கிடைக்கிறது. ரப்பர் பம்பரைப் பலரும் வெறுப்பதால் விலை மேலும் இறங்குகிறது. 1974இன் பிற்பகுதியில் அமெரிக்க விதிகளுக்காக அந்தப் பம்பரைப் பொருத்தியபோது காரை ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் உயர்த்தினார்கள். அதனால் வளைவுகளில் கார் சாய்கிறது என்ற குறை வந்தது உண்மை. ஆனால் 1977 மாடலிலிருந்து முன்னும் பின்னும் சாய்வுத் தடுப்புக் கம்பிகள் வந்துவிட்டன. ஆகவே நீங்கள் சொல்லும் 1978 கார், ரப்பர் பம்பர் கார்களில் நல்ல வரிசையைச் சேர்ந்தது. 22 ஆண்டு ஒரே கையில் இருந்து, வெளுத்த பெயிண்டோடு நிற்கிறது என்றால், அந்தப் பெயிண்ட் எதையும் மறைக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

மறுமொழி 2 (லெஸ்டரிலிருந்து)

ஸ்பிட்ஃபயருக்காகச் சில வார்த்தைகள் சொல்ல அனுமதியுங்கள். முந்தைய மறுமொழியில் சொன்னவை எம்.ஜி.பி.க்கு முழுவதும் பொருந்தும். ஆனால் ஸ்பிட்ஃபயர், டிரையம்ஃப் ஹெரால்டின் அடிப்படையில் பிறந்தது என்பதால் அதற்குத் தனிச் சேசிஸ் உண்டு. அதனால் துரு பற்றிக் கவலையே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. அந்தச் சேசிஸுக்குப் பக்கவாட்டுச் சட்டங்கள் இல்லாததால், இங்கும் சில்தான் உறுதியைத் தருகிறது. எனவே அதே காந்தத்தையும் திருப்புளியையும் இதற்கும் கொண்டு போங்கள்.

1500 இன்ஜினில் கவனிக்க வேண்டிய இடம், கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷர்கள். ஒருவரைக் கிளட்சை மிதித்து மிதித்து விடச் சொல்லி, நீங்கள் முன்பக்கக் கிராங்க் புல்லியைப் பாருங்கள். அது கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் அசைந்தால் வாஷர் தேய்ந்துவிட்டது. உள்ளே கழன்று விழுந்திருந்தால் இன்ஜின் பிளாக்கே கெட்டிருக்கக்கூடும். முன் சஸ்பென்ஷனில், சக்கரம் திரும்ப உதவும் கீழ் மூட்டான டிரன்னியனுக்குக் கிரீஸ் அடிக்காமல் கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். பலர் கிரீஸ் அடித்து, அது உறைந்து, கடைசியில் டிரன்னியன் முறிந்து சக்கரம் சாய்ந்திருக்கிறது. உரிமையாளரிடம் பேச்சோடு பேச்சாக, "டிரன்னியனுக்கு என்ன விடுகிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலிலேயே அந்தக் காரின் கடந்தகாலம் தெரிந்துவிடும்.

பழுது பார்க்க இதைவிட வசதியான கார் இல்லை. முன்பக்க பானட்டும் விங்குகளும் ஒன்றாகவே முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். டயரின்மேல் உட்கார்ந்துகொண்டு வேலை செய்யலாம். எனினும் பி சீரிஸ் இன்ஜினோடு வளர்ந்தவர் நீங்கள் என்பதால், உங்கள் மனம் எங்கே இருக்கிறதோ அங்கே போவதே சரி என்று எனக்கும் படுகிறது.

மறுமொழி 3 (ஹாரோவிலிருந்து)

என் கணவரும் நானும் ஒரு ஜி.டி. வைத்திருக்கிறோம். தகடு, இன்ஜின் பற்றி மேலே இருவரும் விரிவாகச் சொல்லிவிட்டதால், நான் பத்திரங்களையும் ஆண்டுச் செலவையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நீங்கள் குறித்திருக்கும் மூன்று கார்களும் 40 ஆண்டைக் கடந்தவை. வரலாற்று வாகனம் என்ற வகையில் பதிவு செய்துகொண்டால் சாலை வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் இது தானாக நடக்காது, விண்ணப்பித்து மாற்ற வேண்டும். அந்த வகைக்கு மாறிய கார், புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான லண்டன் யூலெஸ் கட்டணத்திலிருந்தும் விலக்குப் பெறுகிறது. நடு லண்டனின் நெரிசல் கட்டணத்தை மட்டும் செலுத்தியாக வேண்டும். பெரிய மாற்றங்கள் செய்யப்படாத 40 ஆண்டுக் கார்களுக்கு 2018 மே 20 முதல் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்ற வாகனத் தகுதிச் சோதனை கட்டாயம் இல்லை. இந்த விலக்கை நான் ஒரு சலுகையாகவே கருதுவதில்லை. சோதனையே செய்யாமல் சில ஆண்டுகள் ஓடிய காரை விற்பனைக்குக் கொண்டு வருகிறவர்கள் உண்டு. அறுபது பவுண்டுக்கும் குறைவான அந்தச் சோதனையைச் செய்து காட்டினால் வாங்குகிறேன் என்று சொல்லுங்கள். உரிமையாளர் மறுத்தால் காரணத்தை யோசியுங்கள்.

பழைய சோதனை முடிவுகளை அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து இலவசமாகப் பார்க்கலாம். தேறியதா இல்லையா என்பதைவிட, ஒவ்வோர் ஆண்டும் ஓரமாக எழுதப்பட்டிருக்கும் எச்சரிக்கைகளை நிதானமாகப் படியுங்கள். ஓராண்டு 'துரு தொடக்கம்' என்றும், அடுத்த ஆண்டு 'அதிகத் துரு' என்றும் வந்து, அதற்கடுத்த ஆண்டு அந்த வரியே காணாமல் போயிருந்தால், இடையில் யாரோ வெல்டிங் செய்திருக்கிறார்கள். அதற்கான ரசீதைக் கேளுங்கள். மைல் மீட்டரில் ஐந்து இலக்கங்கள்தான் உண்டு என்பதால் 43,000 என்று இருப்பது 1,43,000 ஆகவும் இருக்கலாம். சோதனைப் பதிவுகளோடு ஒப்பிட்டால் ஓரளவு தெளிவாகும்.

வி5சி பதிவுப் புத்தகம் உரிமைப் பத்திரம் அன்று. அதிலேயே அப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள். எனவே பணம் கொடுத்ததற்குக் கையெழுத்திட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டைச் சாதாரண நிறுவனத்தில் எடுக்காமல், பழைய கார்களுக்கென்றே உள்ள திட்டத்தில், முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள். ஆண்டுக்கு இத்தனை மைல்தான் ஓட்டுவேன் என்று வரம்பு வைத்தால் கட்டணம் கணிசமாகக் குறையும். தினசரிப் பயணத்துக்கு வேறு கார் இருக்கிறதா என்று கேட்பார்கள். கராஜ் இல்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களை அது அரிக்கும். நாங்கள் எத்தனால் குறைவாக உள்ள சூப்பர் பெட்ரோல் மட்டுமே போடுகிறோம், எத்தனாலைத் தாங்கும் குழாய்களையும் மாற்றிவிட்டோம். அந்தக் குழாய்களுக்கு ஆன செலவு மிகச் சிறியது. சூடான இன்ஜினுக்குமேல் பெட்ரோல் கசிவதை நினைத்தால் அதை ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது.

கேட்டவரின் மறுமொழி

உங்கள் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை முதலில் சிவப்புக் காரைப் பார்க்கப் போனேன். தொலைவிலிருந்து பார்த்தபோது வாங்கிவிடலாம் என்றே தோன்றியது. ஆனால் ஓட்டுநர் பக்கச் சில்லில் ஏறத்தாழ ஒரு முழ நீளத்துக்குக் காந்தம் பிடிக்கவே இல்லை. வேலையின் படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன், இல்லை என்றார். ஜாக்கி வைக்க அனுமதிக்கவில்லை. திரும்பிவிட்டேன். ஸ்பிட்ஃபயர் அதற்குள் விற்றுவிட்டது.

பிற்பகலில் நியூபரிக்குப் போய் ஜி.டி.யைப் பார்த்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடையது. 1996இல் இரண்டு சில்களும் காசில் ரெயிலோடு மாற்றப்பட்டதற்கான ரசீதும், 14 படங்களும் ஒரு கோப்பில் இருந்தன. அது அவருக்கு முந்தைய உரிமையாளர் செய்த வேலை. இவர் அந்தக் கோப்பைப் பத்திரமாகத் தொடர்ந்திருக்கிறார். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன், தரை உலர்ந்து இருந்தது. ஜாக்கி வைத்தபோதும் கதவு சிக்கவில்லை. குறை என்று பார்த்தால், பின்கதவின் கீழ்விளிம்பு துருப்பிடித்திருக்கிறது, இரண்டாவது கியர் குளிர்ந்த நிலையில் கரகரக்கிறது, ஓவர்டிரைவ் (வேகச் சாலையில் இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) வேலை செய்யவில்லை. இருபது நிமிடம் ஓட்டியபின் ஆயில் அழுத்தம் ஓட்டத்தில் 60, ஐடிலில் 20 காட்டியது. இந்தக் குறைகளோடு வாங்கலாமா?

மறுமொழி 1 (கொவென்ட்ரியிலிருந்து)

தாராளமாக வாங்கலாம். அந்த ஆயில் அழுத்தம் நன்றாகவே இருக்கிறது. இரண்டாவது கியரின் கரகரப்பு இந்தக் கியர் பாக்ஸின் பழைய வழக்கம். ஆயில் சூடானதும் குறைகிறது என்றால் சில ஆண்டுகள் அப்படியே ஓட்டலாம். லேகாக் நிறுவனத்தின் அந்த ஓவர்டிரைவ் வேலை செய்யாவிட்டால் பெரும்பாலான நேரம் குறை மின்சாரத்தில்தான் இருக்கும். கியர் பாக்ஸின் மேலுள்ள சிறு சுவிட்சையும் அதற்குப் போகும் ஒயரையும் முதலில் பாருங்கள். எனினும் அது ஓடாத நிலையை வைத்தே விலை பேசுங்கள், அது நியாயமும்கூட. பின்கதவைக் கழற்றி மாற்றலாம், அது கட்டமைப்பில் சேராது. பின்னாளில் தகடு தேவைப்பட்டால், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் விட்னியில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் அசல் அச்சுகளைக் கொண்டே எம்.ஜி.பி. தகடுகளைச் செய்கிறது, 1988 முதல் முழு உடலையே செய்து விற்றவர்கள் அவர்கள். குறைந்த பணத்தில் இந்தக் காரைத் துணிந்து வாங்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாங்கியதும் முதல் வேலையாக பிரேக் ஆயிலை மாற்றி, பிரேக் குழாய்களைப் பாருங்கள். அடுத்ததாக முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டு, அவை திரும்பும் அச்சுகளான கிங்பின்களுக்குக் கிரீஸ் அடியுங்கள். பாரம் தரையில் இருந்தால் கிரீஸ் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. 3,000 மைலுக்கு ஒருமுறை இதைத் தவறாமல் செய்தால் அவை நீண்ட நாள் உழைக்கும். மீதிப் பணத்தில் ஆயிரம் பவுண்டையாவது முதல் ஆண்டுக்கென்று ஒதுக்கிவையுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

4,450 பவுண்டுக்குப் பேசி முடித்து, நேற்று நியூபரியிலிருந்து ஏ34 சாலையில், ஆபிங்டனைக் கடந்து, வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன். ஓவர்டிரைவின் கோளாறு நீங்கள் சொன்ன இடத்திலேயே, அறுந்த ஒயரில்தான் இருந்தது. இரவு அப்பாவுக்கு வீடியோவில் காரைக் காட்டினேன். நிறத்தையோ இருக்கையையோ பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. பானட்டைத் திறந்து போனை இன்ஜின் பக்கத்தில் பிடிக்கச் சொல்லி, கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "டாப்பெட் சத்தம் வருதே, இடைவெளி பாத்தியா?" என்றார். அந்த வால்வு இடைவெளியை எவ்வளவு வைக்க வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

மறுமொழி 1 (கொவென்ட்ரியிலிருந்து)

அப்பாவின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. இன்ஜின் முழுவதும் ஆறிய நிலையில் 0.015 அங்குலம் வையுங்கள். இரவு நிறுத்திவைத்து, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்ப்பது நல்லது. வரிசைக்கு ஒன்பது கணக்கு: எட்டாவது வால்வு முழுவதும் அழுந்தித் திறந்திருக்கும்போது முதலாவதைச் சரிசெய்யுங்கள், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை, ஆறாவதுக்கு மூன்றாவது, இப்படி இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வர வேண்டும். அம்பாசிடரின் பி சீரிஸ் இன்ஜினுக்கும் இதே கணக்குதான். உங்கள் அப்பாவைப் போனில் வைத்துக்கொண்டே செய்யுங்கள், எந்த வால்வில் நிற்கிறீர்கள் என்று அவரே சொல்லிக்கொண்டு வருவார்.